இரண்டு முறை ‘இல்லை’ என்றேன்

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் படிக்கிறவர்கள் கடைசி வரை அதே கவலையோடு படிப்பீர்கள். தலையின் இடது பக்கம் இரண்டு இடத்தில் சுண்டைக்காய் அளவுக்குச் சின்னப் பள்ளம் இருக்கிறது. முடி வளர்ந்து மூடிவிட்டது. எண்ணெய் வைக்கும்போது என் மனைவியின் விரல் அங்கே ஒரு நொடி நின்று போகும், அவ்வளவுதான். என்னைத்தான் அந்த நாட்கள் விடவில்லை. அந்த ஆறு வாரத்துக்குள் இரண்டு மருத்துவர்கள் என்னிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் நான் ‘இல்லை’ என்று பதில் சொன்னேன். இரண்டும் தப்பு. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு அது உண்மை என்றே தோன்றியது. அதுதான் உறுத்துகிறது.

ஆடிக் கிருத்திகை அன்று ரத்தினகிரி முருகன் மலைக்குப் போய்விட்டு வேலூர் சத்துவாச்சாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹைவேயில் காவடிக் கூட்டமும் வண்டிகளும் நெரிந்ததால் சர்வீஸ் ரோட்டில் இறங்கினேன். அம்மா எப்போதும் போல ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தேங்காய் மூடியும் விபூதியும் இருந்த கட்டைப்பை, இன்னொரு கை சீட்டுக் கம்பியில். வண்டி 25ஐத் தாண்டவில்லை. ஒரு டீக்கடைக்கு எதிரே புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடு இல்லை, முன்னால் பலகை இல்லை, தார் நிறத்தில் தாரோடு கலந்து கிடந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியபோதுதான் எனக்கே தெரிந்தது. பின்சக்கரம் ஏறியபோது பின்னால் பாரம் இல்லை.

அம்மா மல்லாக்க விழுந்திருந்தார். நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் டீக்கடைக்காரரும் இன்னொருவரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். தலையில் அடிபட்டவரைக் கழுத்தை அசைக்காமல் படுத்த வாக்கிலேயே விட வேண்டும், வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. அம்மா சோடாவைக் குடித்துவிட்டு, “ஒண்ணியும் ஆவலடா, கொண்டை மேலதான் பட்டுச்சி” என்றார். பையில் தேங்காய் மூடி சிதறியிருக்கிறதா என்று பார்த்தார். பின்தலையில் நெல்லிக்காய் அளவு வீக்கம், தோல் கொஞ்சம் கிழிந்து ரத்தம்.

என் தலையில் ஹெல்மெட் இருந்தது. அதைக் கழற்றி பெஞ்சில் வைத்தபோது பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்த காட்சி எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கிளினிக். அங்கிருந்த மருத்துவர் இளைஞர், பொறுமையாகத்தான் பார்த்தார். பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டார். கண்ணில் டார்ச் அடித்தார். இரண்டு தையல், ஒரு டிடி ஊசி. பிறகு என்னைப் பார்த்து, “ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை எடுக்கறாங்களா?” என்றார். “இல்லை சார், சுகருக்கும் பிரஷருக்கும்தான்” என்றேன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. தினமும் இரவு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். நானே மாதா மாதம் வாங்கித் தருகிறேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘ஹார்ட் மாத்திரை’. கேள்வி ரத்தத்தைப் பற்றியது, மாத்திரை ஹார்ட்டுக்கானது, இரண்டும் என் தலையில் சேரவே இல்லை. அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார். அவரும் வாய் திறக்கவில்லை, மகன் பேசும்போது குறுக்கே பேச மாட்டார்.

அது முதல் ‘இல்லை’.

கோலம் கோணலானது

மருத்துவர் சொன்னபடி அன்று இரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவை எழுப்பிப் பார்த்தோம். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. காலையில் எழுந்து காபி போட்டார். ஒரு வாரத்தில் தையல் பிரித்தாயிற்று. வீக்கம் வடிந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் “முருகன்தான் காப்பாத்தினான்” என்று சொல்லி முடித்தோம். அந்த நாளை அதோடு மூடி வைத்துவிட்டேன்.

நான்காவது வாரம் காலையில் எழுந்ததும் தலை பாரமாக இருக்கிறது என்றார் அம்மா. வெயில் என்றோம். வேலூர் வெயிலைச் சொன்னால் யாரும் மறு பேச்சு பேச மாட்டார்கள், ஆவணியில்கூட. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான்கு மணி வரை தூங்கினார். வயசு என்றோம். டம்ளர் ஒருமுறை கையிலிருந்து நழுவியது. பேச்சு நடுவில் ஒரு பெயர் கிடைக்காமல் நின்றார். சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். இப்போது வரிசையாக எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அப்போது இவை ஒவ்வொன்றும் தனித்தனி நாளில், தனித்தனிக் காரணத்தோடு வந்தன. எல்லாமே சேர்ந்தாலும் ‘வயசாயிடுச்சி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு வருகிற எந்தக் கோளாறுக்கும் இந்தச் சொல் பொருந்திவிடுகிறது. அதனாலேயே எனக்கு இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் பயமாக இருக்கிறது.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின வாரம். காலையில் வண்டியை எடுக்கும்போது எதிர் வீட்டு அக்கா கூப்பிட்டார். “தம்பி, அம்மா கைக்கு இன்னா ஆச்சி? மூணு நாளா கோலம் சரியில்லையே.” நான் திரும்பிப் பார்த்தேன். பதினொரு புள்ளிக் கோலம். இடது பக்கம் அம்மாவின் கோலம்தான், அளந்து வைத்தது போல. வலது பக்கத்தில் புள்ளிகள் கீழே சரிந்திருந்தன, கம்பி பாதியில் தடித்து, மாவு கொட்டிக் கிடந்தது. கடைசி வளைவை மூடவே இல்லை. மூன்று நாளாக அதைத் தாண்டித்தான் வண்டியை எடுத்திருக்கிறேன். அம்மாவின் கோலத்தைத் தினமும் பார்த்தவர் அந்த அக்கா மட்டும்தான்.

உள்ளே போய், “ரெண்டு கையையும் நீட்டும்மா” என்றேன். எங்கோ படித்த ஞாபகம். கண்ணை மூடி நீட்டினார். இடது கை நின்றது. வலது கை மெல்ல, அவருக்கே தெரியாமல், கீழே இறங்கியது.

போன் போட்ட பெரியம்மா மகன், “பக்கவாதமா இருக்கும்டா, ஆஸ்பிரின் ரெண்டு எக்ஸ்ட்ராவா குடு, அப்புறம் கூட்டிகினு போ” என்றான். அன்போடுதான் சொன்னான். நல்லவேளை, மனைவி “டாக்டர் பாக்கட்டும்” என்று தடுத்துவிட்டார். உள்ளே கசிந்துகொண்டிருந்த ரத்தத்தின் மேல் அந்த இரண்டு மாத்திரையும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எப்போதிலிருந்து தலைவலி, காய்ச்சல் உண்டா, வலிப்பு வந்ததா. பிறகு, “ரெண்டு மூணு மாசத்துல எங்கயாவது விழுந்தாங்களா?”

“இல்லை” என்றேன்.

என் பையன் ஒன்பதாம் வகுப்பு. கூடவே வந்திருந்தான். “ஆயா பைக்ல இருந்து விழுந்தாங்க இல்லப்பா?” என்றான்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மருத்துவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். “எப்போ?” “ஆடிக் கிருத்திகைக்கு.” “தலையில பட்டுச்சா?” “தையல் போட்டாங்க.” “மாத்திரை சீட்டு இருக்கா?” மனைவியின் பையில் இருந்தது. அவர் அதைப் பார்த்த உடனே ஸ்கேனுக்குச் சொன்னார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். நான் மறக்கவில்லை. யாராவது “அம்மா வண்டியிலிருந்து விழுந்தாங்களே, என்ன ஆச்சு?” என்று கேட்டிருந்தால் மணி முதற்கொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் அது முடிந்துபோன விஷயம், தையல் பிரித்த விஷயம். இன்றைய தலைவலி வேறு விஷயம். ஐந்து வாரத்துக்கு முந்தைய ஒரு அடி இன்று காலை கோலத்தில் வந்து நிற்கும் என்று என் மனது கணக்கே போடவில்லை.

கொப்பரை

ஸ்கேன் படத்தில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பிறை மாதிரி ஒரு பட்டை. மூளை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளப்பட்டு நடுக்கோடு வளைந்திருந்தது. சப்டியூரல் ஹெமடோமா, அதாவது மூளையின் வெளி உறைக்கு அடியில் ரத்தக் கட்டு, அதிலும் நாட்பட்டது என்றார்கள். இதய மருத்துவரைக் கேட்டு மாத்திரைகளை நிறுத்தி, மறுநாள் மண்டை ஓட்டில் இரண்டு துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். சிவப்பாகவே இல்லை, வண்டி சர்வீஸில் வடிக்கிற பழைய ஆயில் நிறம் என்று சொன்னார்கள். அன்று மாலையே அம்மா வலது கையால் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

பிறகு நானாகக் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டது இது. முற்றாத தேங்காயில் பருப்பு ஓட்டோடு ஒட்டி இருக்கும். முற்றிக் காய்ந்து கொப்பரையானால் பருப்பு சுருங்கி ஓட்டுக்குள் கடகடவென்று ஆடும். வயதானால் மூளையும் கொஞ்சம் சுருங்குகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளி உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் அந்த இடைவெளியில் இழுபட்டு நிற்கின்றன. சின்ன அதிர்ச்சிக்கே ஒன்று அறுந்துவிடலாம். சிரை ரத்தம் அழுத்தம் குறைந்தது, சொட்டுச் சொட்டாகக் கசியும். இடம் தாராளமாக இருப்பதால் முதலில் மூளை நெருக்கப்படாது. வாரக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் இடம் போதாமல் போகும்போது கை சரியும், பேச்சு தடுமாறும், ஆள் மந்தமாவார். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தக் கசிவு நிற்பது இன்னும் கடினம். குளியலறையில் வழுக்கியது, கட்டிலிலிருந்து இறங்கும்போது சாய்ந்தது என்று குடும்பமே மறந்துபோன விழுதல்கள்தான் பல பேருக்கு இதற்குக் காரணம். ஆகவே 60 தாண்டிய ஒருவர் சில வாரங்களில் சட்டென்று மந்தமானால், வயசு என்பதற்கு முன்னால் ‘எப்போதாவது விழுந்தாரா’ என்று வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். பிள்ளைகளையும்.

இளையவர்களுக்கு வருவது இன்னொரு வகை, அது மணிக்கணக்கில் ஆளை முடித்துவிடும். நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில், காதுக்கு முன்னால், மண்டை ஓடு மிக மெல்லியது. அதன் உள்பக்கம் ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விட்டு அது கிழிந்தால் தமனி ரத்தம் வேகத்தோடு சேரும். அடிபட்டவன் ஒரு நிமிடம் மயங்கி எழுந்து, அல்லது மயங்காமலே, பேசுவான், நடப்பான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். அதற்குள் உறை எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டிருக்கும். பிறகு தாங்க முடியாத தலைவலி, வாந்தி, தூக்கம், அப்புறம் எழுப்ப முடியாது. நேரத்துக்கு அறுவை செய்தால் முழுதாகப் பிழைத்துக்கொள்ளக்கூடிய காயம் இது. நடுவில் வருகிற அந்த நல்ல நேரம்தான் ஏமாற்றுகிறது. சாவு வீடுகளில் நாம் கேட்கிற “எழுந்து நடந்தானே, நல்லா பேசினானே” என்ற அழுகை இந்த நேரத்தைப் பற்றியதுதான்.

கிரிக்கெட் வீரர் ராமன் லம்பாவை ஞாபகம் இருப்பவர்கள் என் வயதுக்காரர்களாக இருப்பார்கள். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். ஓவர் முடிய மிச்சம் கொஞ்சம்தான் என்று ஹெல்மெட் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகில் ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் நின்றார். அடித்த பந்து தலையில் பட்டு விக்கெட் கீப்பர் கைக்குப் போகிற அளவுக்குத் தெறித்தது. அவர் எழுந்து தானே நடந்து வெளியே போனார். மூன்று நாளில் இறந்துபோனார். வயது 38. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது நானும் ‘நடந்துதானே போனார்’ என்றுதான் ஆச்சரியப்பட்டேன்.

வேலூர்க்காரனாக இதை எழுதும்போது இன்னொன்று நெருடுகிறது. இந்தியாவிலேயே முதன்முதலில் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறை தொடங்கியது நம் ஊரில்தான். 1949இல் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். எந்தெந்த மாநிலத்திலிருந்தோ ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். 2022 முதல் இராணிப்பேட்டையில் ஹைவே மேலேயே சிஎம்சியின் விபத்துச் சிகிச்சை மையம் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருந்தும், அடிபட்ட தலையில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, “வெளிய வீங்கிட்டா பயமில்ல, உள்ள போவல” என்று நம் ஆட்களே சொல்கிறோம். வெளி வீக்கம் தோலுக்கு அடியில் சேர்ந்த ரத்தம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. தூளியிலிருந்து விழுந்த கைக்குழந்தைக்குத் தலையில் கொழகொழவென்று பெரிய வீக்கம் வந்தால் அது எலும்பு உடைந்ததன் அறிகுறியாகவே இருக்கலாம், தேய்க்கவே கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுவதுதான் வேலை. தூங்கவே விடக் கூடாது என்பதும் பாதி உண்மைதான். தூங்கட்டும், ஆனால் எழுப்பினால் எழுந்து சரியாகப் பதில் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பாலாற்றில் ஒரு ஞாயிறு

அம்மா வீடு திரும்பி ஐந்தாறு மாதம் கழிந்து, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனை அழைத்துவரப் பாலாற்றுக்குப் போயிருந்தேன். மணலில் நாலைந்து மேட்ச் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. உயரப் போன பந்துக்கு இரண்டு பேர் ஓடினார்கள், இரண்டு பேருமே மேலே பார்த்துக்கொண்டு. தலையும் தலையும் மோதிய சத்தம் கரைக்கே கேட்டது. ஒருவனுக்குப் புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். மற்றவன் எழுந்து உட்கார்ந்தான், மணலைத் தட்டிக்கொண்டு “ஓகே ஓகே” என்றான், திரும்பப் போய் ஃபீல்டிங்கில் நின்றான்.

நான் இவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவர் முடிந்தும் இடம் மாறவில்லை. பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். “எவ்ளோ ஸ்கோர் அங்கிள்?” என்றான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும், “எவ்ளோ ஸ்கோர்?” மூன்றாவது முறையும் கேட்டான். மோதியது ஞாபகம் இருக்கிறதா என்றதற்கு, “யாரு மோதினது?” என்றான். போதும், ஆட்டத்தை விட்டு வா என்றேன். பையன்களுக்குக் கோபம். “நல்லாதான் கீறான் அங்கிள், ரத்தமே வரல” என்றார்கள். அவன் அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பேசறான் இல்ல?” பேசுகிறான், ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்றேன். ஆட்டோவில் போகும்போது வாந்தி எடுத்தான்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கன்கஷன் என்றார்கள். மூளை குலுங்கி, கொஞ்ச காலத்துக்கு வேலை தடுமாறுகிற நிலை. அது ஸ்கேனில் தெரியாது, அதனால் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதற்காக மறுநாளே ஆடப் போகக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால், அது சின்னதாக இருந்தாலும், இளம் மூளை அபாயகரமாக வீங்கிவிட வாய்ப்பு உண்டு. முதல் ஓரிரு நாள் ஓய்வு, போனும் டிவியும் குறைவு, பிறகு நடை, பிறகு மெதுவான ஓட்டம், தலைவலி திரும்பாமல் இருந்தால்தான் அடுத்த படி. கடைசியில்தான் பந்து, அதுவும் மருத்துவர் சரி என்ற பிறகு. அந்தப் பையன் வீட்டில் உட்காரத்தான் மிகவும் கஷ்டப்பட்டான்.

பெரிய ஆட்டத்திலேயே இது ஏமாற்றும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. மருத்துவர்கள் சோதித்தார்கள், தேறினார், திரும்ப வந்து ஆடி 92இல் அவுட் ஆனார். மறுநாள் காலை எழுந்தபோதுதான் தலைவலியும் மந்தமும் வந்தன. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். அப்படி மாற்று ஆள் இறங்கலாம் என்ற விதியே அந்த மாதம்தான் டெஸ்டுக்கு வந்திருந்தது. இத்தனை மருத்துவர்கள் சுற்றி நிற்கும் ஒருவருக்கே அறிகுறி ஒரு இரவு கழித்து வருகிறது என்றால், பாலாற்று மணலில் “முகம் கழுவிட்டு வந்து ஆட்றா” என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? என் முடிவு இதுதான். தலையில் அடிபட்டுத் தடுமாறியவன் அன்றைக்கு ஆடக் கூடாது. இறுதிப் போட்டியாக இருந்தாலும், அவனே கெஞ்சினாலும். கெஞ்சுகிற அந்தத் தலையில்தான் அடிபட்டிருக்கிறது.

நம் பக்கத்து எருது விடும் விழாவிலும் இதே கதைதான். மாடு குத்தியவனை உடனே தூக்கிக்கொண்டு போகிறார்கள். கூட்டம் நெட்டியதில் தடுப்புக் கட்டை மேலிருந்து பின்பக்கமாக விழுந்தவன் தலையைத் தடவிக்கொண்டு அடுத்த மாட்டுக்கு விசிலடிக்கிறான். வயிற்றில் குத்துப்பட்டவனுக்குக் காயம் வெளியே தெரிகிறது. இவனைக் கூட வந்தவர்கள் வீட்டில் விடும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும். இவன் விழுந்தான், தலையில் பட்டது, ராத்திரி பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி, வலுக்கிற தலைவலி, ஒரு கண்மணி பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

பின்சீட்டு

“மெதுவாத்தானே போறோம், பக்கத்துலதானே” என்று அம்மாவுக்கு ஹெல்மெட் கொடுக்காமல் பத்து வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து நானும் பின்னால் இருப்பவரும் போட வேண்டும் என்று ஆனபோது எனக்கு ஒன்று வாங்கினேன். ஒன்றுதான் வாங்கினேன். போலீஸ் யாரைப் பிடிப்பார்கள் என்பதுதான் அப்போது என் கணக்கு.

வண்டி மெதுவாகப் போவதற்கும் தலை மெதுவாக விழுவதற்கும் சம்பந்தமே இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அப்படித்தான். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பட்டை நசுங்கி, தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் இடம் கொடுத்து நிறுத்துகிறது. வேலை அதற்குத்தான். ஒருமுறை நசுங்கினால் பழையபடி ஆகாது, அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் ரோட்டோரம் விற்கும் பிளாஸ்டிக் ஓட்டில் அந்தப் பட்டையே பெயருக்குத்தான் இருக்கும். தாடைப் பட்டையைப் பூட்டாமல் போட்டால் தலைக்கு முன்னால் ஹெல்மெட் உருண்டு போகும். 1935இல் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பேர் வாங்கிய டி. ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் மனதை அது விடவில்லை. தபால் கொண்டுபோகும் ராணுவ வீரர்களின் விபத்துகளை எடுத்து ஆராய்ந்து, 1941இல் ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று எழுதினார். இத்தனை வருடம் ஆயிற்று.

அம்மாவுக்கு ஹெல்மெட் வாங்கப் போனபோது கொண்டைதான் தடை. கடைக்காரர் நாலைந்து எடுத்துக் காட்டினார், எதுவும் இறங்கவில்லை. அம்மாவே கொண்டையை அவிழ்த்துக் கழுத்துக்குக் கீழே தாழப் பின்னிக்கொண்டு, “இப்போ போடு” என்றார். பூவை அதன் கீழே சொருகிக்கொள்கிறார். மாத்திரைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, ‘ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை’ என்று தனியாக அடிக்கோடிட்டு, அவர் சுருக்குப் பையில் ஒன்றும் என் பர்ஸில் ஒன்றும் வைத்திருக்கிறேன். ஸ்டென்ட் இருப்பதால் அந்த மாத்திரை இல்லாமல் முடியாது. எப்போது திரும்பத் தொடங்குவது, இரண்டில் எதைத் தொடர்வது என்று இதய மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பேசி முடிவு செய்தார்கள். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் யாரும் வீட்டிலேயே நிறுத்திவிட வேண்டாம். குளியலறையில் பிடிக்கக் கம்பி, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு, மொட்டை மாடிப் படிக்குக் கைப்பிடி. ஒரு வார வேலை. பத்து வருடம் தள்ளிப்போட்டிருந்தேன்.

அந்த வேகத்தடை விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. இந்தியச் சாலைக் கழகத்தின் வழிகாட்டலில் அதன் அளவு இருக்கிறது. 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், முதுகு மாதிரி வளைவாக இருக்க வேண்டும், கோடு போட வேண்டும், 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும். நான் டேப் எடுத்துப் போய் அளந்தேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் அகலம். உயரம் ஒரு சாண். அது வேகத்தைத் தடுப்பதில்லை, ஆளைத் தூக்கிப் போடுகிறது. இரண்டு மனு கொடுத்தேன். டீக்கடைக்காரர், எங்களுக்குப் பிறகு அங்கே இன்னும் மூன்று பேர் விழுந்ததாகச் சொன்னார். மூவருமே பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்த பெண்கள்.

மனுவுக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்க மனம் வரவில்லை. தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வண்டி குறைவாக இருக்கும் நேரத்தில், டீக்கடைக்காரரும் நானும் பையனுமாக இரண்டு லிட்டர் வெள்ளைப் பெயின்ட் வாங்கிப் பட்டை பட்டையாக அடித்தோம். அவர் ஒரு பழைய அட்டையில் ‘மேடு, மெதுவாக’ என்று எழுதி, கொஞ்சம் முன்னால் வேப்ப மரத்தில் கட்டினார். இந்த மழையில் பாதிப் பெயின்ட் போய்விட்டது என்று நேற்று போன் செய்தார். வருகிற ஞாயிறு திரும்பவும் அடிக்க வேண்டும்.